டர்போ கார்களும் எச்சரிக்கை விளக்குகளும்: தாம்பரம் வட்டாரச் சாலைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே செங்கல்பட்டு வரைக்கும், மேற்கே ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் கார் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கிவரும் பி.எம்.டபிள்யூ ஆலையில், அறிமுகமானபோது 387 குதிரைத்திறன் கொண்டிருந்த எம்340ஐ என்னும் டர்போ ஸ்போர்ட்ஸ் செடான் 2021 முதல் உருப்பெறுகிறது. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட அதற்கு நாலரை வினாடி போதும். மறைமலைநகர் ஆலையிலிருந்து ஃபோர்டு 2013இல் வெளியிட்ட ஈகோஸ்போர்ட், ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சினிலிருந்து 125 குதிரைத்திறனை எடுத்துக் காட்டியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தயாரிக்கும் ஐ20 என் லைன் 120 குதிரைத்திறனும், ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் டர்போ 100 குதிரைத்திறனும் தருகின்றன. ஒரு தலைமுறைக்கு முன்பு பந்தயத் திடலோடும் மிகச் சில பணக்கார வீடுகளோடும் நின்றுவிட்ட டர்போ பெட்ரோல் எஞ்சின், இன்று சேலையூரிலும் மேடவாக்கத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் நிற்கிறது. ஆகவே டர்போ காரின் டாஷ்போர்டில் எரியும் விளக்கு ஒரு சிலரின் ஆடம்பரப் பிரச்சினை என்று இனி ஒதுக்க முடியாது. மாதத் தவணையில் கார் வாங்கிய குடும்பத்தின் பிரச்சினையும் அதுதான்.

விளக்கு எரிந்ததும் இங்கே பெரும்பாலும் நடப்பவை இரண்டு. ஒன்று, பயந்துபோய் கைகாட்டப்படும் பாகத்தையெல்லாம் மாற்றுவது. மற்றது, ஸ்கேன் போட்டு, காரின் கணினி பதிந்த பழுதுக் குறியீடான ‘கோடை’ (code) அழித்துவிட்டு மறுபடி ஓட்டுவது. இரண்டுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது: எரிகிற விளக்கோ அதன் பின்னாலுள்ள கோடோ பழுதான பாகத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறது என்பது. இந்த நம்பிக்கை தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். விளக்கு சொல்வது ஓர் அளவீடு எல்லை தாண்டிய செய்தியை மட்டும்தான். அது ஏன் தாண்டியது என்பதற்கான விடையைப் பெரும்பாலும் கார் ஓடிய சாலையிலும், பருவத்திலும், ஊற்றிய பெட்ரோலிலும், நின்ற இடத்திலும் தேட வேண்டும். தென்சென்னைப் புறநகர் இதற்கு நல்ல சான்று. இங்குள்ள வெள்ளமும் வெக்கையும் நெரிசலும் நிலத்தடி நீரும் டர்போ எஞ்சினின் நுட்பமான இடங்களையே போய்த் தொடுகின்றன.

முதலில் எஞ்சினைப் பார்ப்போம். எரிந்து வெளியேறும் வாயு ஒரு சிறு விசையாழியைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள அமுக்கி வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை இரண்டு லட்சம் சுற்றுகளைத் தாண்டும். பெட்ரோல் எஞ்சினில் விசையாழிப் பக்கத்து வாயு 1,000 டிகிரி செல்சியஸ் அருகே போகும். இவ்வளவு வேகத்திலும் சூட்டிலும் தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம். அழுத்தப்பட்ட காற்று சூடாகிவிடும் என்பதால் அதை இன்டர்கூலர் வழியே குளிரவைத்து அனுப்புகிறார்கள். வழியெங்கும் ரப்பர் ஹோஸ்கள், கிளிப்கள், வால்வுகள், சென்சார்கள். எவ்வளவு காற்றழுத்தம் வேண்டும் என்று கணினி கணக்குப் போடுகிறது. எவ்வளவு வந்தது என்று சென்சார் சொல்கிறது. இரண்டுக்கும் இடைவெளி நீடித்தால் பி0299 என்ற கோடு பதிவாகும், செக் எஞ்சின் விளக்கு எரியும், கார் பிக்கப்பைக் குறைத்துக்கொண்டு லிம்ப் மோடுக்குப் போகும். இந்தக் கோடின் பொருள் ‘பூஸ்ட் குறைவு’ என்பதுதான். ஹோஸில் கீறல் இருக்கலாம், கிளிப் தளர்ந்திருக்கலாம், இன்டர்கூலர் ஒழுகலாம், மிகுதி வாயுவை விசையாழிக்குப் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் முழுதாக மூடாமல் இருக்கலாம், டைவர்ட்டர் வால்வின் சவ்வு கிழிந்திருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அழுத்த சென்சாரே அழுக்கேறியிருக்கலாம். டர்போ பழுதாகியிருப்பது இத்தனை வாய்ப்புகளில் ஒன்று மட்டுமே. ‘டர்போ போயிடுச்சு’ என்ற தீர்ப்பு கோடைப் படித்த மறுநிமிடமே வந்தால், அது சோதனையில்லாத தீர்ப்பு. சில நூறு ரூபாய் கிளிப்புக்கும் பெருந்தொகை விழுங்கும் டர்போ யூனிட்டுக்கும் இடையே நிற்பது, காற்றுப்பாதையில் புகையை அழுத்தத்தோடு செலுத்தி ஒழுகலைத் தேடும் சிறு சோதனைதான்.

எல்லா விளக்குக்கும் இந்த நிதானம் பொருந்தாது. ஐ.எஸ்.ஓ. 2575 என்னும் உலகத் தரநிலை விளக்குகளின் சின்னங்களையும் நிறங்களையும் ஒழுங்கு செய்திருக்கிறது. சிவப்பு ஆபத்து, மஞ்சள் எச்சரிக்கை, பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று இயங்குகிறது என்ற தகவல். நிறத்தைவிடக் குறைவாகக் கவனிக்கப்படுவது அது நின்று எரிகிறதா, சிமிட்டுகிறதா என்பது. நின்றெரியும் மஞ்சள் செக் எஞ்சின் விளக்கோடு பொறுமையாகப் பட்டறைக்குப் போய்விடலாம். அதே விளக்கு சிமிட்டினால், சிலிண்டரில் தீப்பற்றல் தவறி (மிஸ்ஃபயர்) எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று பொருள். சில நிமிடங்கள் அழுத்தி ஓட்டினாலே கன்வெர்ட்டரின் உட்கூடு உருகிப்போகலாம். காயில், பிளக் அளவில் முடிய வேண்டிய செலவு பல மடங்காகிவிடும். மஞ்சள் என்பதற்காக அதைச் சிவப்புக்குக் கீழே வைத்துவிடக் கூடாது. பேட்டரிச் சின்னத்தோடு எரியும் சிவப்பு விளக்கையும் பலர் ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் அதே பெல்ட் தண்ணீர் பம்பையும் சுழற்றும் எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால், அடுத்த சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்துவிடும்.

ஆயில் விளக்கைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயில் கேன் சின்னம் மஞ்சளில் எரிந்தால் ஆயில் அளவு குறைந்திருக்கிறது. சிவப்பில் எரிந்தால் ஆயில் அழுத்தம் அபாயகரமாக விழுந்திருக்கிறது. இவை இரண்டும் வெவ்வேறு செய்திகள். சிவப்பு விளக்கை இயக்கும் சுவிட்ச் பல எஞ்சின்களில் அரை பார் அழுத்தத்துக்கும் கீழே இறங்கிய பிறகே விழிக்கிறது. வேகமாக ஓடும் எஞ்சினுக்கு வேண்டிய அழுத்தமோ அதைப்போல் பல மடங்கு. ஆக, விளக்கு எரிந்தபோது சேதம் ஏற்கெனவே தொடங்கியிருக்கும். டர்போ இல்லாத எஞ்சின் இந்த நிலையில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலும் தண்டு தாக்குப்பிடிக்காது. பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல் பைபாஸில் போய்க்கொண்டிருக்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அடுத்த இறக்கம் வரை ஓட்டலாமா என்று யோசிக்க இடமில்லை. ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு டோ வண்டியை அழைப்பது ஒன்றே வழி. ஆயில் அளவு சரியாக இருக்கிறதே என்று மறுபடி ஸ்டார்ட் செய்வதும் ஆபத்து. எஞ்சினின் அடியிலுள்ள பான் நிறைய ஆயில் இருந்தும் பம்ப் அதை இழுக்க முடியாமல் போகலாம்.

அப்படி நேர்ந்ததற்கு மறைமலைநகர் ஆலையோடு தொடர்புள்ள ஒரு சான்றே உண்டு. அமெரிக்காவில் விற்பனையான ஈகோஸ்போர்ட்கள் இங்கே தயாராகிக் கப்பலேறியவை. 2023 டிசம்பரில் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் 2018 முதல் 2022 வரையிலான ஈகோஸ்போர்ட்களையும் 2016 முதல் 2018 வரையிலான ஃபோக்கஸ்களையும் சேர்த்து, ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின் பொருத்திய சுமார் 1.4 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அந்த எஞ்சினில் ஆயில் பம்பைச் சுழற்றும் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடுகிறது. அந்தப் பெல்ட்டின் பற்கள் தேய்ந்து போவதாலோ அதன் டென்ஷனர் பெயர்வதாலோ ஆயில் அழுத்தம் சட்டென்று விழக்கூடும், எஞ்சின் நின்றுபோகக்கூடும், பிரேக்குக்குத் துணைசெய்யும் வாக்குவமும் குறையக்கூடும் என்பதே காரணம். இந்த இடத்தில் ஆயில் விளக்கு சொல்வது எஞ்சினின் உயிரைப் பற்றி மட்டும் இல்லை, ஓட்டுபவரின் பாதுகாப்பைப் பற்றியும்தான். டிப் ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்ததால் சென்சாரைக் குறைசொல்லி அதை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயிலில் நனையும் பெல்ட் உள்ள எஞ்சின்களில், கையேடு சொல்லும் ஆயிலைத் தவிர வேறு ஆயிலை ஊற்றினால் பெல்ட் உப்பி உதிரும், உதிர்ந்த துகள் பம்பின் வடிகட்டியை அடைக்கும். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த பிறகு, இந்த எஞ்சின் கொண்ட பழைய கார்கள் கைமாறிக் கைமாறி வெளிப் பட்டறைகளுக்கு வருவது இயல்பு. எந்த ஆயில் என்ற கேள்வியை அங்கே அலட்சியமாகக் கேட்கக் கூடாது.

இனி சாலைக்கு வருவோம். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். அடையாற்றுக் கரையிலுள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் நிறுத்தியிருந்த கார்கள் வெள்ளத்தில் மிதந்து போனதை நாடே பார்த்தது. வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் காப்பாற்ற மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினார்கள். இப்படிப்பட்ட பெருவெள்ளங்களில் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைவதை எல்லோரும் அறிவார்கள். விளக்குகளைப் பொறுத்தவரை முக்கியமானது இதைவிடச் சிறிய, வருடந்தோறும் நடக்கும் நனைதல். ஸ்போர்ட்ஸ் காரின் காற்று நுழைவாயிலும் இன்டர்கூலரும் முன் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இருக்கின்றன. முழங்கால் அளவுத் தண்ணீரில் ஓட்டினால் அலை அங்கேதான் மோதும். ஏர் ஃபில்டர் நனைந்தால் காற்றோட்டம் குறையும், காற்றளவு சென்சார் தப்பாக அளக்கும், கலவை தவறும். சக்கர வேக சென்சாரின் கனெக்டரில் ஈரம் புகுந்து பச்சை பூத்தால் ஏ.பி.எஸ்., டிராக்‌ஷன், ஸ்டெபிலிட்டி விளக்குகள் ஒன்றாக எரியும். அந்தச் சக்கர வேகத்தை மூன்று அமைப்புகளும் பகிர்ந்துகொள்வதால் ஒரே கோளாறு மூன்று விளக்காகத் தெரிகிறது. பலவீனமான பேட்டரியும் இதே தோற்றத்தைத் தரும். ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட் விழுந்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல யூனிட்கள் ஒரே நேரத்தில் புகார் எழுதிவிடும். ஐந்தாறு விளக்குகள் ஒன்றாக எரியும்போது ஐந்தாறு பழுதுகளைத் தேடுவதற்கு முன்னால் பேட்டரியையும் நனைந்த கனெக்டரையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மழை போனால் வெக்கை. அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரியைத் தொடும் வெயிலில் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஏசி போட்டபடி ஊர்ந்து செல்லும் டர்போ கார், தன் வடிவமைப்புக்கு எதிரான நிலையில் வேலை செய்கிறது. வேகமாக ஓடும்போது இன்டர்கூலரையும் ரேடியேட்டரையும் தழுவும் காற்று இங்கே இல்லை. குளிர்விக்கும் பொறுப்பு முழுதும் ஃபேனிடமும் கூலன்டிடமும் விழுகிறது. மாலையில் வண்டலூரைத் தாண்டிச் சாலை திறந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால், சூடேறிக் கிடக்கும் இன்டர்கூலர் வழியாகச் சூடான காற்று உள்ளே போகிறது. கலவை நேரங்கெட்டு வெடிக்கும் நாக்கிங் வராமலிருக்கக் கணினி இக்னிஷனைத் தள்ளிப்போட்டுப் பவரைக் குறைக்கிறது. பிக்கப் குறைந்தது என்ற புகார்கள் பலவற்றுக்கும் காரணம், பழுது எதுவுமில்லாத இந்தத் தற்காப்புதான்.

கூலன்ட் விஷயத்தில் இந்த வட்டாரத்துக்கென்று ஒரு தனித் துன்பம் இருக்கிறது. கூலன்ட் குறைவு விளக்கு எரிந்ததும் கையில் கிடைக்கும் தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். தாம்பரம், மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. அலுமினியம் ரேடியேட்டருக்குள்ளும், டர்போவைச் சுற்றி ஓடும் குறுகலான தண்ணீர்ப் பாதைக்குள்ளும் அது உப்பைப் படியவைத்து அரிக்கத் தொடங்கும். ஆறு மாதம் கழித்து வரும் ஓவர்ஹீட் விளக்குக்கும் அன்றைக்கு ஊற்றிய குடத்துத் தண்ணீருக்கும் உள்ள உறவு எந்தக் கோடிலும் பதிவாவதில்லை. அவசரத்துக்கு ஊற்றத்தான் வேண்டுமென்றால் காய்ச்சி வடித்த நீரை ஊற்ற வேண்டும். கூலன்ட் மூடிய அமைப்பில் சுற்றுவது, ஆகவே அது ஏன் குறைந்தது என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும். எஞ்சின் ஆறுவதற்கு முன் மூடியைத் திறக்கக் கூடாது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அழுத்தத்திலிருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பெட்ரோலும் மாறியிருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025இல் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எனவே அதே அளவு எரிபொருள் தெளித்தால் கலவையில் காற்று மிகுந்து நிற்கும். கணினி தெளிப்பைக் கூட்டி அதைச் சரிசெய்கிறது. அந்தத் திருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. பழைய காரில் ஏற்கெனவே ஒரு சிறு வாக்குவம் ஒழுகலோ அடைத்த இன்ஜெக்டரோ இருந்தால், எத்தனால் அதன் திருத்தத்தை எல்லை தாண்டவைத்து பி0171 என்ற கோடை வரவழைக்கலாம். இதை வைத்து எத்தனால் டர்போவைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டுவது அவசரம். எத்தனாலின் ஆக்டேன் எண் பெட்ரோலைவிட மிகுதி, நாக்கிங்கைத் தடுக்கும் அந்தக் குணம் டர்போ எஞ்சினுக்குச் சாதகமானது. பழைய ரப்பர் பாகங்கள், ஈரம் உறிஞ்சும் இயல்பு ஆகிய கவலைகள் நியாயமானவை. குறிப்பாக, மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வார இறுதிக் கார்களுக்கு அவை பொருந்தும். அப்படி நிற்கும் கார்களுக்கு இன்னொரு எதிரி எலி. காலி மனைகளை ஒட்டிய குடியிருப்புகளில் வயரிங்கைக் கடித்துவிட்டுப் போகும் எலி, காயில், இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சார் என்று எந்தக் கோடை வேண்டுமானாலும் எழுதவைக்கும். சென்சாரை மாற்றும் முன் வயரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஒரே விளக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறும் என்பதற்கு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடல் தெளிவான சான்று. 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் திடலின் நீண்ட வளைவொன்றில் முழு வேகத்தில் திரும்பும்போது, பானிலுள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சு குழாய் ஒரு கணம் காற்றை இழுக்கும். ஆயில் விளக்கு மின்னி மறையும். அங்கே தீர்வு ஆயில் அளவைச் சரியாக வைத்திருப்பதும் தடுப்புத் தட்டுள்ள பான் பொருத்துவதும். அதே மின்னல் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது வந்தால் தேய்ந்த பம்பையோ, நீர்த்துப்போன ஆயிலையோ, அடைத்த வடிகட்டியையோ சந்தேகிக்க வேண்டும். விளக்கும் கோடும் ஒன்றே. வித்தியாசத்தைச் சொல்வது சூழ்நிலைதான்.

அந்தச் சூழ்நிலையைக் கார் தானே எழுதி வைத்துக்கொள்கிறது என்பதுதான் இந்த வாதத்துக்கு வலுவான ஆதாரம். கோடு பதிவாகும் கணத்தில் எஞ்சின் சுற்று, வேகம், லோடு, கூலன்ட் வெப்பம், எரிபொருள் திருத்தம் ஆகியவற்றையும் கணினி சேர்த்துப் பதிகிறது. ஃப்ரீஸ் ஃபிரேம் என்று இதைச் சொல்வார்கள். பி0299 பதிவானபோது கார் 2,000 சுற்றில் முழு லோடில் இருந்ததா, 5,000 சுற்றில் இருந்ததா என்பதிலேயே வேஸ்ட்கேட்டா ஹோஸா என்ற சந்தேகம் பாதி தெளிந்துவிடும். மிஸ்ஃபயர் பதிவானபோது எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா என்பதும் அப்படித்தான். கோடை அழித்தால் இந்தச் சாட்சியமும் சேர்ந்து அழிகிறது. அதோடு, கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் முதலியவற்றைக் கார் தானாகச் சோதிக்கும் சுழற்சியும் ஆரம்பத்துக்குப் போய்விடுகிறது. அடுத்த சில நாட்களுக்கு விளக்கு எரியாமல் இருப்பது கோளாறு தீர்ந்ததற்குச் சான்று ஆகாது, கார் இன்னும் சோதித்து முடிக்கவில்லை என்று மட்டுமே பொருள். புளூடூத்தில் செல்போனோடு இணையும் மலிவான ஸ்கேனர்கள் இந்த ஃப்ரீஸ் ஃபிரேமைப் படித்துக் காட்டக்கூடியவை என்பதால் அவற்றை வரவேற்கிறேன். அழிக்கும் பொத்தானையும் அவையே கையில் கொடுத்துவிடுகின்றன என்பதுதான் வருத்தம்.

இவ்வளவு தேடுவானேன், நவீன காரின் கணினி எல்லாவற்றையும் கண்காணிக்கிறதே என்று கேட்கலாம். செக் எஞ்சின் விளக்கு எதற்காகப் பிறந்தது என்பதை நினைவில் வைத்தால் இந்த நம்பிக்கையின் அளவு புரியும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட ஓ.பி.டி.-2 என்னும் தற்சோதனை ஏற்பாடு, புகை உமிழ்வைக் கட்டுப்படுத்த வந்தது. இந்தியாவிலும் ஓ.பி.டி. ஏற்பாடு பி.எஸ். 4 உமிழ்வு விதிகளோடு 2010இல் முதற்கட்டமாகவும் 2013இல் இரண்டாம் கட்டமாகவும் நுழைந்தது, 2020இல் பி.எஸ். 6 விதிகளோடு கடுமையானது. எஞ்சினின் ஆயுளைக் காப்பதைவிட ஊர்க் காற்றைக் காப்பதே அந்த விளக்கின் சட்டப்பூர்வமான வேலை. டர்போ தண்டில் ஆட்டம் வந்திருப்பதையோ, ஹோஸ் உப்பிக்கொண்டிருப்பதையோ, கூலன்ட் மெல்ல மெல்லக் கசிவதையோ அது முன்கூட்டிச் சொல்லாது. புதிய சத்தம், எக்ஸாஸ்டில் நீலப்புகை, கூலன்டின் இனிப்பு வாடை ஆகியவற்றுக்கு விளக்கு கிடையாது. அவற்றைக் கவனிக்க ஓட்டுபவர்தான் இருக்கிறார்.

இன்னொரு மறுப்பு கனமானது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போவதைத் தவிரச் சாமானியருக்கு வேறு வழி எதற்கு, அவர்களிடம்தானே நிறுவனத்தின் கருவியும் தகவலும் இருக்கின்றன என்பது. வாரண்டி நடப்பிலிருக்கும் காருக்கு இது சரியான அறிவுரை, நானும் அதையே சொல்வேன். ஆனால் கருவியும் தகவலும் அங்கே மட்டும் இருப்பது இயற்கை நியதி கிடையாது. உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் சந்தையைக் கட்டுப்படுத்தியதாக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஃபோர்டு, நிசான், பி.எம்.டபிள்யூ, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. தொகை குறித்து மேல்முறையீடுகள் நடந்தாலும், ஆணையம் சுட்டிய பிரச்சினை மறையவில்லை. 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது வாகனத் துறையும் அதன் வரம்புக்குள் வந்தது. பொதுவான ஓ.பி.டி. கோடுகளை எவரும் படிக்கலாம். நிறுவனம் தனக்கென்று எழுதிய கோடுகளும் சோதனை வழிமுறைகளும் மூடியே கிடக்கின்றன. திறமையுள்ள மெக்கானிக் அளந்து பார்க்காமல் ஊகத்தில் பாகம் மாற்றுவதற்கு அவருடைய குறை மட்டும் காரணமில்லை. அளக்க வேண்டிய சரியான எண் அவரிடம் இல்லை. உற்பத்தி ஆலைக்கு அரை மணி தூரத்திலுள்ள பட்டறைக்கு அந்த ஆலையில் தயாரான காரின் வயரிங் வரைபடம் கிடைக்காதது அநியாயம்.

எஞ்சின் கணினியின் நிரலை மாற்றி ‘ரீமேப்’ செய்த கார்கள் இந்த விவாதத்தில் தனிக்கணக்கு. பூஸ்டைக் கூட்டி, கேட்டலிஸ்ட்டைக் கழற்றிவிட்டு, அதனால் வரும் பி0420 கோடைக் கணினியிலேயே ஊமையாக்கிவிடுகிறார்கள். எஞ்சின் தாங்குகிறதே என்பது அவர்கள் வாதம். சில எஞ்சின்கள் தாங்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துவது ஒருபுறம் இருக்கட்டும். விளக்கை ஊமையாக்கிய காரில் அடுத்து வரும் உண்மையான கோளாறும் சத்தமில்லாமல் வரும் என்பதே என் எதிர்ப்புக்குக் காரணம். அந்தக் காரைப் பழையதாக வாங்குபவருக்கு இது தெரியக்கூட வழியில்லை.

ஆகவே விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியதைப் பொறுப்போடு சொல்கிறேன். சிவப்பு ஆயில், சிவப்பு வெப்பம், சிவப்பு பிரேக், சிமிட்டும் செக் எஞ்சின் இவற்றில் எது வந்தாலும் ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். இவற்றில் பேரத்துக்கு இடமில்லை. வெள்ளத்தில் நின்ற காரை ‘ஒரு தடவை பார்ப்போமே’ என்று ஸ்டார்ட் செய்யாதீர்கள். அப்படி உடையும் எஞ்சினுக்குச் சாதாரணக் காப்பீட்டில் இழப்பீடு கிடைப்பது கடினம், எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற விளக்குகளுக்கு, எரிந்த நேரத்தில் எங்கே, எவ்வளவு வேகத்தில், மழையிலா வெயிலிலா, கடைசியாகப் பெட்ரோல் போட்டது எப்போது என்பதைக் குறித்து வைத்து மெக்கானிக்கிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். பாகத்தை மாற்றச் சொன்னால், எந்தச் சோதனையில் அது பழுதென்று தெரிந்தது என்று கேளுங்கள். ஸ்கேன் போடுபவரிடம், கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃபிரேமோடு சேர்த்து ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.